மறியல் நாளில் மலை மாளிகை ஓவியக்கூடம்

இந்தப் பதிவில்:
1. போன காரணம்
2. வழி, நேரம், கட்டணம்
3. மனைவியைத் தொலைத்த விவரம்
4. ஓவியக்கூடம்

எண்பதுகளில், இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். கல்வராயன் மலையில் பழைய ஜமீன் மாளிகை ஒன்றை ஓவியக்கூடமாக மாற்றியிருப்பதாகக் கேள்விப்பட்டோம். மனைவி ஜானகிக்குப் பார்க்க ஆசை, எனக்குத் தயக்கம். விவரங்கள் பழைய குறிப்பேட்டில் இருந்தவை. என் கையெழுத்தை நானே முழுதாக நம்புவதில்லை.

கள்ளக்குறிச்சியில் காலை 7.10க்குப் பஸ். கச்சிராயபாளையம் 7.45, கட்டணம் ஒரு ரூபாய் இருபது காசு. அங்கிருந்து மாளிகை வழியாக மலையேறும் வெள்ளிமலை பஸ் 8.20க்கு. ஒன்பது மணிக்கு மறியல் என்று பேச்சு, அதனால் ஒரே கூட்டம். ஜானகி முன்வாசலில் ஏறினாள். திரும்பும் பஸ் நேரத்தைப் பலகையில் பார்த்து எழுதிவிட்டு நான் பின்வாசலுக்குப் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நான் பின்னால் நிற்பதாகவே அவள் நினைத்திருப்பாள். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு, மலைக் குளிரில் கூடும். மாத்திரை என் பையில்.

ஒன்பது மணி வரை காத்திருந்தேன், அடுத்த பஸ் இல்லை. நடந்தேன். ஒரு கிலோமீட்டரில், சாலைக்குக் குறுக்கே அப்போதுதான் வெட்டிப் போட்ட புளியமரம். சுற்றிலும் இருபது பேர். பயந்து நின்றவனை ஒருவர் கூப்பிட்டு விசாரித்தார். சொன்னேன்.

"வூட்டம்மாவ ஏத்தி வுட்டுட்டு நீங்க இன்னா சார் பண்ணிக்கினு இருந்தீங்க?"

"பஸ் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மோட்டார் பைக்கை உதைத்தார். "ஏறுங்க. மறியல் பண்றவனே நான், என்னை யாரு மறிப்பாங்க?"

"அண்ணே, மரத்த யாரு பாத்துக்கிறது?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"அது எங்கடா போவப்போவுது?"

மாளிகை வாசலில் என்னை இறக்கிவிட்டு, டீகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். உள்ளே ஓடினேன். கூடத்தில், சாமை குத்தும் பெண்ணின் ஓவியத்துக்கு எதிரே ஜானகி நின்றிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. எனக்குத்தான் இரைத்தது.

"பஸ்ஸ விட்டு எறங்கினதும் நேரா மாடிக்குப் போயிட்டீங்க போல, எல்லாம் பாத்துட்டீங்களா? இங்க வாங்க, இவளுக்கு ஆறு விரல் போட்டிருக்கான். எண்ணுங்க."

எண்ணினேன். ஆறு. அன்று வேறெந்த ஓவியத்தையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு மரத்தை அகற்றினார்கள். 5.10 பஸ்ஸில் திரும்பினோம், இருவரும் முன்வாசலில் ஏறி.

போகிறவர்கள் இன்றைய பஸ் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மாத்திரை அதற்கு உரியவரிடமே இருக்கட்டும். இதை ஜானகியிடம் படித்துக் காட்டினேன். மூன்றாவது தலைப்பு தவறு என்கிறாள். அவள் போக வேண்டிய இடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளாம், தொலைந்தது நான்தானாம். யோசித்துப் பார்த்தேன். தவறுதான்.