நடுவில் ஒரு பூட்டிய வீடு

பச்சைத் தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்த காலம். எஸ்டேட் பள்ளியில் நான் புது டீச்சர். பயிற்சி முடித்த சூடு ஆறவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த முதல் வாரமே எண்ணிக்கை சொல்லிக்கொடுக்க, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கற்பூர மரத்தடியில், அதுதான் யூகலிப்டஸ், காய் பொறுக்கக் கிளம்பிவிட்டேன். பத்துக் காய் ஒரு தீப்பெட்டி. பத்துத் தீப்பெட்டி ஒரு பிஸ்கட் டப்பா. இரண்டாம் வகுப்பே மணத்தது.

தலைமையாசிரியை மூக்கைச் சுளித்தார். "ஏனுங்க டீச்சர், பாடம் நடத்தறீங்களா, தைலம் காய்ச்சறீங்களா?"

கேலிக்கு ஏற்றாற்போலத்தான் நடந்தது. முந்நூற்றைந்தை வைத்துக் காட்டி எழுதச் சொன்னேன். ஒரு சிறுமி மூன்று டப்பாவும் ஐந்து காயும் சரியாக எடுத்து வைத்தாள். சிலேட்டில் 35 என்று எழுதினாள். மறுநாளும் அதே 35.

"திங்கக்கெழமையிலிருந்து இந்தப் புள்ள ஒண்ணாங்கிளாஸ்ல உக்காரட்டுங்க" என்றார் தலைமையாசிரியை. ஒன்றாம் வகுப்பில் இருப்பது அவள் தம்பி. அவளுக்கு உதடு பிதுங்கிவிட்டது.

மதியம்தான் எனக்கு உறைத்தது. கண்ணுக்குத் தெரிவதைத்தானே எழுதுகிறாள்? இல்லாத தீப்பெட்டிக்கு நான் இடமே கொடுக்கவில்லையே! தரையில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டேன், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் மாதிரி வரிசையாக.

"டப்பா வீடு, தீப்பெட்டி வீடு, காய் வீடு. ஒரு வீட்டுல பத்து சேர்ந்தா இடப்பக்கத்து வீட்டுக்குப் போயிடணும். இப்ப வை."

வைத்தாள். நடுக்கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வீட்டுல ஆளு இல்ல டீச்சர்."

"எங்க போனாங்க?"

"திருப்பூருக்கு. எங்க பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா வீடு இருக்கு. பூட்டியிருக்கு."

சாக்பீஸைப் பிடுங்கி நடுவில் உருண்டையாக ஒரு பூட்டு வரைந்தாள். சிலேட்டிலும் வரைந்தாள். 305!

நான் போட்ட கூச்சலில் தலைமையாசிரியை ஓடி வந்தார். நம்பவில்லை. கட்டங்களுக்கு இடப்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க, எழுநூத்தி எட்டு?"

எழுதினாள்.

"ஐநூறு?"

"ரெண்டு வீட்டுலயும் பூட்டு!" வகுப்பே கூவியது.

"அப்படிங்களா அம்மிணி? ஆயிரம் எழுது, பாக்கலாம்."

ஆயிரத்தை நான் இன்னும் தொடவே இல்லை. அவள் மூன்று கட்டத்திலும் பூட்டுப் போட்டாள். அப்படியே இடப்பக்கமாகத் தவழ்ந்து போய், நாற்காலிக் காலைத் தட்டினாள்.

"பெரிய டீச்சர், கொஞ்சம் எந்திரிங்க. இங்க இன்னொரு வீடு கட்டணும்."

தலைமையாசிரியை எழுந்து, தாமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டார். திங்கட்கிழமையைப் பற்றி அப்புறம் அவர் பேச்செடுக்கவில்லை.