எஞ்சினுக்கு ஒரு பன்றி

எல்பிதியோவுக்கு எதிலும் முன்பக்கம் மட்டும் அழகாக இருந்தால் போதும். கிபுங்கான் மலையில் அவன் வீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாலையைப் பார்த்த சுவருக்குப் பளபளக்கும் ஓடு பதித்திருப்பான். பின்பக்கம் போனால் துருப்பிடித்த தகரம், அதற்கு முட்டுக்கொடுத்த உடைந்த கதவு. ஊரில் விருந்து என்றால் முதல் வரிசையில் அவன்தான். நாற்காலி அடுக்கக் கூப்பிட்டால் உடனே இடுப்பு பிடித்துக்கொள்ளும். இந்த ஆளுக்கு வாழ்க்கைப்பட்டுத் தொலைத்தோமே என்று அவன் மனைவி லுக்ரேசியா முட்டைக்கோஸ் அறுக்கும்போதெல்லாம் நினைப்பாள். வாய்விட்டுச் சொல்லவும் சொல்வாள். அவன் காதில் அது ஏறியதே இல்லை.

அவனிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் பெட்ரோல் வண்டி. தோட்டங்களிலிருந்து கோஸ் மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு லா திரினிதாத் சந்தைக்குப் போகும். பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும். பாதி ஏற்றத்தில் ஆட்களை இறக்கித் தள்ளவிடும். சில ஆண்டுகளாக இதைச் சகித்துக்கொண்டிருந்தவனுக்கு, சந்தையில் எவனோ ஒருவனுடைய ஜீப் விசிலடித்துக்கொண்டு மேடேறியதைப் பார்த்ததும் பித்துப் பிடித்தது. டர்போ டீசல் வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை, டர்போ. மாதா கோவிலில் மண்டியிட்டாலும் டர்போ.

சந்தைப் பக்கத்துப் பட்டறை மெக்கானிக் ருபெர்த்தோ, ஜப்பான் லாரியிலிருந்து கழற்றிய எஞ்சின் ஒன்றை வைத்திருந்தான். நல்ல சரக்குதான். ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு அவன் சொன்னான்:

"மச்சான், எஞ்சினை மட்டும் தூக்கி வச்சா ஆகாது. இது பழசை விட ரொம்ப கனம். முன்னாடி ஸ்பிரிங் பட்டை தாங்காது, மாத்தணும். வேகம் கூடும், பிரேக்கையும் பெருசு பண்ணணும்."

"பிரேக்கை எவன்டா பாக்கப்போறான்?" என்றான் எல்பிதியோ. "பானெட்ல காத்து போற மாதிரி பெரிய மூக்கு ஒண்ணு வச்சுக் குடு. சிவப்பு பெயின்ட்."

கூடவே நின்ற லுக்ரேசியாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ருபெர்த்தோ அவளைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். அப்புறம் அவன் குறுக்குச் சட்டத்தை அறுத்தான், எஞ்சின் உட்காரப் புது மவுண்டுகளைப் பற்றவைத்தான், பழைய கியர் பாக்ஸும் புது எஞ்சினும் சேர நடுவில் தடித்த தட்டு ஒன்றைக் கடைந்து மாட்டினான். தன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான். எல்பிதியோ கேட்டபடி சிவப்பு மூக்கும் வந்தது. கனம் தாளாமல் வண்டி முன்பக்கம் குனிந்து நின்றது. எல்பிதியோ மார்பை நிமிர்த்தி அதன் பக்கத்தில் நின்றான்.

பழைய எஞ்சினைப் பக்கத்துத் தோட்டக்காரன் தோமிலாஸ் வாங்கிக்கொண்டுபோய் ஊற்றுத் தண்ணீர் இறைக்க வைத்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஊருக்குத் திரும்பிய அன்றே எல்பிதியோ கட்டணத்தை ஏற்றினான். புது வண்டியாம். ஊர்க்காரர்கள் மூட்டையைக் கீழே வைத்தார்கள்.

"புது வண்டியா? அப்ப பன்னி எங்க?" என்று கேட்டான் தோமிலாஸ். புது வண்டி வந்தால் பன்றி வெட்டி, முன்னோரைக் கூப்பிட்டு, வண்டியில் ரத்தம் தடவி, ஊருக்குக் கறி கொடுக்காமல் அங்கே யாரும் ஏற மாட்டார்கள்.

"இது பழைய வண்டிதானேப்பா! வாங்குனப்பவே வெட்டியாச்சே, நீயும்தானே தின்ன?"

"தின்னேன். ரத்தத்தை எங்க தடவுனாங்க? எஞ்சின்ல. எஞ்சின் எங்க இருக்கு? என் தோட்டத்துல. அந்தப் பன்னியோட ஆசீர்வாதத்துலதான் இப்ப என் கோஸுக்குத் தண்ணி பாயுது."

எல்லோரும் சிரித்தார்கள். காசுக்குப் புதுசு, கறிக்குப் பழசு என்று அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குனிந்து நிற்கும் ஜீப்பின் பிரேக்கைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பிரேக்கைக் கடித்துத் தின்ன முடியாதல்லவா? வேறொருவன் லாரியில் கோஸ் மூட்டைமேல் தொற்றிக்கொண்டு போனார்கள். டர்போ வெறும் பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு விசிலடித்தபடி மலை ஏறியது, இறங்கியது.

கடைசியில் எல்பிதியோ ஒரு முடிவுக்கு வந்தான். அதை மனைவியிடம் சொல்லவில்லை. கோவில் வாசலில் ஊருக்கே சொன்னான். கேரட் கழுவும் இடத்தில் தோமிலாஸின் மனைவி வந்து, "அக்கா, சனிக்கிழமை உங்க பன்னியாமே? பெரிய துண்டா பாத்து எடுத்து வைங்கக்கா" என்றபோதுதான் லுக்ரேசியாவுக்கு விஷயம் தெரிந்தது.

தொழுவத்தில் இருந்த கறுப்புப் பன்றி அவள் வளர்த்தது. வள்ளிக்கிழங்குக் கொடியை நறுக்கி, வேகவைத்து, மழையிலும் பனியிலும் சுமந்து ஊற்றி வளர்த்தது. செத்துப்போன அவள் அப்பா லிங்பாவன் கனவில் வந்து, "குளிருதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒரு போர்வை வைத்து, ஒரு பன்றி வெட்டினால்தான் அவர் குளிர் தீரும். ஒவ்வொரு தடவையும் எல்பிதியோ ஏதாவது சாக்கு வைத்திருந்தான். கோஸ் விலை விழுந்துவிட்டது, பாதையில் மண் சரிந்துவிட்டது, மாமனார் பொறுமைசாலி. வெட்கங்கெட்டவன், கடைசியாகச் சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அது எங்கப்பா பன்னி," என்றாள் அவள்.

"அவருக்கு அடுத்த வருஷம் பாப்போம். செத்தவருக்கு என்ன அவசரம்? வண்டி சும்மா நிக்குதுல்ல?"

"மனுசனுக்கு இல்லாத பன்னி இரும்புக்கா?"

"ஊருக்குச் சொல்லியாச்சு. என் மானம் போயிரும், லுக்ரேசியா."

போவதற்கு அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று தொழுவத்துக்குப் போய் அழுதாள்.

சனிக்கிழமை ஊர் முழுக்க வந்தது. நாற்காலி அடுக்காத கைகளெல்லாம் பிளாஸ்டிக் பையோடு வந்தன. எல்பிதியோ கோட்டுப் போட்டுக்கொண்டு, பானெட்டைத் திறந்துவைத்து, எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். பன்றியைக் கட்டிக் கிடத்தினார்கள். முன்னோரைக் கூப்பிட வந்த பெதாங் கிழவர் அரிசிக் கள் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பன்றியை வளர்த்த கையிடம்தான் அவர் கேட்பார். அது அவர் பழக்கம்.

"யாரும்மா வளத்தது?"

"நான்தான், பெரியவரே."

"யாருக்கு? பேரைச் சொல்லு."

எல்பிதியோ முந்திக்கொண்டு, "ஜீப்புக்கு, தாத்தா! எஞ்சினுக்கு!" என்றான்.

"உன்னைக் கேக்கல. நீ சும்மா இரு."

லுக்ரேசியா வீட்டுக்குள் போனாள். பெட்டியில் மடித்து வைத்திருந்த புதுப் போர்வையை எடுத்துவந்து பன்றியின் அருகில் வைத்தாள்.

"எங்கப்பா லிங்பாவனுக்கு," என்றாள். அது கடைசி வரிசை வரை கேட்டது.

கிழவர் கண்ணை மூடி லிங்பாவனைக் கூப்பிட்டார். வா, மகள் பன்றி வைத்திருக்கிறாள், போர்வை வைத்திருக்கிறாள், போர்த்திக்கொள், சாப்பிடு என்றார். எல்பிதியோ துடைத்த துணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. யார் பெயரில் வெட்டினால் என்ன, கறி கறிதானே? தோமிலாஸ் அண்டாவுக்கு விறகு தள்ளப் போய்விட்டான்.

"தாத்தா, கொஞ்சம் ரத்தமாவது எஞ்சின்ல தடவுங்க," என்று கெஞ்சினான் எல்பிதியோ.

"ஒரு பன்னிக்கு ஒரு பேருதான்டா," என்றார் கிழவர். "உன் மாமனாரை எழுப்பி வண்டில உக்கார வைக்கச் சொல்றியா?"

சாயங்காலம் பங்குக் கறியைப் பையில் வாங்கிக்கொண்டு ஊர் கிளம்பியது. எல்பிதியோ எஞ்சினைக் கிளப்பி, "ஏறுங்க, சும்மாவே கொண்டுபோய் விடுறேன்" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். எல்லோரும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு நடந்தே மேடேறினார்கள்.

கடைசியில் அவன் எஞ்சினை அணைத்துவிட்டு மனைவியிடம் வந்தான்.

"அப்ப என் ஜீப்புக்கு?"

லுக்ரேசியா பன்றித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதை நிமிர்த்தி அவன் காலடியில் வைத்தாள்.

"குட்டி ஒண்ணு வாங்கிட்டு வா," என்றாள். "கொடி எப்படி நறுக்குறதுன்னு நான் காட்டுறேன். சுமக்குறது நீ."