இடப்பக்கம் வந்த பந்து

உலகத்தில் இதுவரை உதைக்கப்பட்ட பந்துகளில் பாதியை அக்கா பிடித்துவிட்டாள். மீதிப் பாதி அவள் நிற்கும் பக்கம் வரப் பயந்து வேறு விளையாட்டுக்கு மாறிப் போய்விட்டன. அவள் கையை விரித்தால் கோல் கம்பங்கள் இரண்டும் மரியாதையாகக் கொஞ்சம் நெருங்கி நிற்கும். பரீட்சைத் தாளில் அவள் எண்ணைப் பார்த்ததுமே வாத்தியார்கள் பாதி மார்க்கைப் போட்டுவிட்டுத்தான் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்கள்.

கல்லூரி விருது விண்ணப்பத்தில் 'வீராங்கனையைப் பற்றிச் சிறு குறிப்பு' என்ற கட்டத்துக்குள் தங்கை அடித்து வைத்திருந்தது இது. அக்கா படித்துவிட்டுத் தாளைச் சுருட்டி அவள் மண்டையில் ஒரு போடு போட்டாள்.

"ஒழுங்கா அடிடி. எத்தனை மேட்ச், எவ்வளவு மார்க், எத்தனை பேருக்குப் பரீட்சை எழுதிக் குடுத்தேன். அவ்வளவுதான்."

"அதை எல்லாரும் எழுதுவாங்க. கம்பம் நகர்றதை யார் எழுதுவா?"

தங்கையை வீட்டிலும் தெருவிலும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவளும் பரஸ்பரம் கைகழுவிக்கொண்டார்கள். இப்போது கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. கல்லூரியின் பாதிக் கடிதங்கள் அந்தக் கடைக் கணினியில்தான் பிறக்கும். அதனால் கல்லூரியில் என்ன நடக்கிறது என்பது முதல்வருக்குத் தெரிவதற்கு அரை மணி நேரம் முன்னால் வாலுவுக்குத் தெரியும்.

வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் அந்த விருது. மைதானத்தில் பேர் வாங்கியிருக்க வேண்டும், படிப்பில் மார்க் இருக்க வேண்டும், ஊருக்கு ஏதாவது உபயோகமாகவும் இருந்திருக்க வேண்டும். அக்கா கால்பந்து அணியின் கோல்கீப்பர். கணக்கில் முதல் மாணவி. கண் தெரியாத மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டுவாள், அவர்கள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதிக் கொடுப்பாள். மூன்று வருஷத்தில் நாற்பத்தோரு பரீட்சை. கடைசிச் சுற்றில் மூன்று பேர் நின்றார்கள். அக்கா, ஒரு ஓட்டக்காரி, ஒரு நீச்சல்காரன். ஜெயிப்பவருக்குக் கேடயமும், பயிற்சியாளர் படிப்புக்கு விடுதியோடு இடமும். ஒரே ஒரு நிபந்தனை. அந்த வருஷத்தின் கடைசிப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும். அக்காவுக்கு அது சனிக்கிழமை மாலை ஃபைனல். ஃபைனல் முடிந்ததும் அதே மைதானத்தில் விருது.

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை போடும் மிஷினில் உட்காருகிறவள். எதையும் அளந்து வைக்கிற ஆள். கேடயம் மாட்ட இடத்தை அளந்து, விருது வருவதற்குள் சுவரில் ஆணியும் அடித்துவிட்டாள். வெறும் ஆணி. விளக்கைப் போட்டால் அதன் நிழல் விரல் நீளத்துக்குச் சுவரில் விழுந்தது. வாலுவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"எதுக்கும்மா இப்பவே? குடுக்கலேன்னா?"

"வாயைக் கழுவு. குடுக்காம எங்க போவாங்க?"

வாலுவுக்கு ஒரு பழைய பழக்கம். சாக்ஸைச் சுருட்டி உருண்டையாக்கி, அக்கா அசந்திருக்கும் நேரம் பார்த்து வீசுவாள். அக்கா படித்துக்கொண்டிருந்தாலும் சரி, பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் சரி, திரும்பாமலே ஒரு கை மட்டும் எழும், உருண்டை அதற்குள் போய் உட்காரும். ஏழெட்டு வருஷமாக ஒருதரம்கூட மேலே பட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டது. இடது கன்னத்தில், சத்தென்று.

வாலு கட்டில் மேல் ஏறிக் குதித்தாள். "கோல்! கோல்!" அக்கா சிரிக்கவில்லை. உருண்டை எங்கிருந்து வந்தது என்று தெரியாதவள் மாதிரிச் சுற்றிலும் பார்த்தாள்.

திங்கட்கிழமை வாலு வலது பக்கமிருந்து வீசினாள். பிடித்தாள். பின்னாலிருந்து வீசினாள். பிடித்தாள். இடது பக்கமிருந்து வீசினாள். காதில் பட்டுக் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு வாலு வீசவில்லை. சாக்ஸைப் பிரித்து, ஜோடி சேர்த்து, மடித்து உள்ளே வைத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் ஒரு துணியை மடித்து வைத்தது அதுதான் முதல் தடவை. அம்மா பார்த்திருந்தால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்திருப்பாள்.

பத்து நாளைக்கு முன் அரையிறுதியில் பந்து ஒன்று அக்காவின் முகத்திலேயே வந்து மோதியிருந்தது. முகம் வீங்கியது, ஐஸ் வைத்தார்கள், வடிந்தது. எல்லோரும் மறந்துபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் பிரதி எடுத்த குறிப்புகளைக் கொடுக்க வாலு கல்லூரி வாசிப்பறைக்குப் போனாள். அக்கா வாசித்துக் காட்டுகிறவர்களில் ஒருத்தி சட்டம் படிக்கிற பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. வாயைத் திறந்தால் குறுக்கு விசாரணைதான் என்பதால் எல்லோருக்கும் அவள் வக்கீல். அக்கா வகுப்புக்குப் போயிருந்தாள்.

"யாரு, வாலா? செருப்புச் சத்தமே சொல்லுது, காலைத் தேய்க்காம நடக்கத் தெரியாதா உனக்கு? உக்காரு. உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. ஏன்?"

"முன்னாடில்லாம் வாசிச்சா குரல் நேரா என் மூஞ்சிக்கு வரும். ஒரு வாரமா சுவத்துக்குப் போகுது. கழுத்தை இந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு வாசிக்கிறா. நேத்து டம்ளரைத் தட்டி விட்டா. அது அவ இடது கையோரம்தான் இருந்துது, நான்தான் வெச்சேன்." வக்கீல் வாலுவின் கையைத் தேடிப் பிடித்தாள். "எனக்குக் கண்ணு தெரியாது வாலு. ஆனா தெரியாம இருக்கிறது எப்படியிருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்."

வாலு குறிப்புகளை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் அக்கா துணி காயப்போடும்போது மொட்டை மாடியில் மடக்கினாள். "வலது கண்ணைப் பொத்திக்கிட்டு என்னைப் பாரு."

"உன்னைப் பாக்க ஒரு கண்ணே அதிகம்."

"விளையாடாத அக்கா. பாரு."

அக்கா பொத்தவில்லை. கையிலிருந்த சட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிழிவதற்கு அதில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. "முதல்ல மின்னல் மாதிரி வெட்டுச்சு. அப்புறம் கொசு பறக்கிற மாதிரி கருப்பு கருப்பா. இப்ப ஓரத்துல திரை தொங்குற மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

"தினமும் அப்படியேதான் இருக்கா?"

"நடுவுக்கு வருது."

"டாக்டர்கிட்டப் போலாம், வா."

"போனா ஆடக்கூடாதும்பாங்க. ஆடலேன்னா விருது இல்லை, படிப்பு இல்லை. அம்மா ஆணி அடிச்சு வெச்சிருக்காடி. சனிக்கிழமை வரைக்கும் பொறு. நீ யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, அப்புறம் உனக்கு அக்காவே கிடையாது. சத்தியம் பண்ணு."

வாலு சத்தியம் பண்ணினாள். வாயைத் திறப்பதில்லை என்றுதான் சத்தியம். கையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை கல்லூரியின் தலைப்போடு ஒரு கடிதம் அக்காவுக்கு வந்தது. விருதின் கடைசிச் சுற்றுக்குத் தேர்வானவர்கள் எல்லோரும் கண் பரிசோதனைச் சான்றிதழை வியாழன் மாலை நான்கு மணிக்குள் தயவுசெய்து ஒப்படைக்க வேண்டும், தவறினால் பெயர் நீக்கப்படும், தயவுசெய்து ஒத்துழைக்கவும், இப்படிக்கு, தேர்வுக் குழு. கீழே வட்டமாக ஒரு முத்திரை. அக்கா கடிதத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லு. என்கூட வா."

கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சுகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. கண்ணில் பஞ்சு ஒட்டியவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பரிசோதிக்கிற அண்ணன் ஒருவர், சளி பிடித்த குரலில் எல்லோருக்கும் ஒரே ராகத்தில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. மேலே பெரிய எண்கள், கீழே வரவரச் சின்ன எண்கள்.

"இடது கண்ணை மூடிக்கங்க. படிங்க."

அக்கா கடகடவென்று கடைசி வரி வரை படித்தாள். கணக்கு மாணவி. எண்கள் என்றால் ஒருமுறை பார்த்தால் போதும், மண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

"வலதை மூடிக்கங்க. படிங்க."

அக்கா மறுபடியும் கடகடவென்று சொன்னாள். அதே எண்கள், அதே வேகம். அண்ணன் குனிந்து சீட்டில் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்தால் சான்றிதழ். சான்றிதழ் கிடைத்தால் சனிக்கிழமை. சனிக்கிழமை யாராவது உதைக்கிற பந்து இடப்பக்கமிருந்து வரும், அக்காவின் கை எழாது.

வாலு அட்டைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சத்தமில்லாமல் அதைத் திருப்பி விட்டாள். பின்பக்கம் வேறு எண்கள்.

"அண்ணே, கடைசி வரி என் காதுல சரியா விழல. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்களேன்."

"சொல்லும்மா."

"ஏழு, மூணு, ஒன்பது, நாலு, ரெண்டு" என்றாள் அக்கா, ஓங்கிய குரலில், கொஞ்சம் சிரிப்புகூட கலந்து.

அண்ணன் நிமிர்ந்து அட்டையைப் பார்த்தார். அதில் ஏழும் இல்லை, மூன்றும் இல்லை. அக்காவைப் பார்த்தார். "மேல் வரி படிங்க. பெரிய நம்பர்." அக்கா பழைய எண்ணையே சொன்னாள். உள்ளங்கை அகலத்துக்கு அங்கே வேறொரு எண் இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் டாக்டரைக் கூப்பிடப் போனார். போகும்போது அந்த ராகம் குரலில் இல்லை.

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கை அணைத்து, நெடுநேரம் பார்த்தாள். இருட்டுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் அக்காவின் கண்ணுக்கும் டாக்டரம்மாவின் நெற்றிக்கும் நடுவே நின்றது.

"விழித்திரை பிய்ஞ்சு உரிஞ்சிருக்கு. போன வாரம் வந்திருந்தா வேலை சுலபம். அடுத்த வாரம் வந்திருந்தா வேலையே இல்லை. அம்மாவை வரச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

"பார்வை வருமா டாக்டர்?"

"மூணு வாரம் கழிச்சுக் கேளும்மா. இப்பக் கேட்டா பொய்தான் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஆனது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்பினார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் அக்கா இராப்பகலாகக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். கட்டில் நுனியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கட்டுப் போடாத கண்ணால் அவள் தரையை மட்டும் பார்த்தாள். மூக்குக்கு நேர் கீழே ஒரு முக்காலி, அதில் உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர் பாட்டில். வருகிறவர்கள் எல்லோரும் அவளுக்கு வெறும் கால்கள்.

சனிக்கிழமை மாலை மைதானத்து ஒலிபெருக்கிச் சத்தம் வீடு வரைக்கும் வந்தது. அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி விளையாட்டு ஆசிரியை பி.டி. மேடம் பார்க்க வந்தார். ஃபைனலில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். விருது ஓட்டக்காரிக்குப் போனது. "எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்மா. கடைசி மேட்ச் ஆடாதவங்களுக்குக் குடுக்க விதியில இடமில்லைன்னுட்டாங்க." பிறகு தலையைச் சொறிந்தார். "ஆமா, ஏதோ கண் சான்றிதழ் கேட்டாங்கன்னு உங்கம்மா சொன்னாங்களே? கமிட்டியில யாரும் அப்படிக் கேக்கலையே."

வாசலோரம் நின்றிருந்த வாலு ஓசைப்படாமல் ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

"பச்சைச் செருப்பு" என்றது கட்டிலிலிருந்து குரல். "அங்கேயே நில்லு."

மேடத்தை வழியனுப்ப அம்மா கூடப் போனாள். வாலு கட்டிலின் வலது பக்கம் வந்து நின்றாள். வாங்கிக் கட்டிக்கொள்வதென்றால் அக்காவின் நல்ல கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்பது நல்லது. சுவரில் ஆணி அப்படியே இருந்தது.

"நான் வாயைத் திறக்கவே இல்ல அக்கா. சத்தியத்தை மீறல."

"தெரியும். புதன்கிழமையே தெரியும். கடிதம் வந்ததும் அந்த ஓட்டக்காரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அவளுக்கு எதுவும் வரலைன்னா. ஒரு கடிதத்துல ரெண்டு தடவை தயவுசெய்துன்னு எந்தக் கமிட்டிடி கெஞ்சும்?"

"அப்புறம் ஏன் போனே?"

"தனியாப் போகப் பயமா இருந்துச்சு. யாராவது இழுத்துக்கிட்டுப் போனா நல்லாருக்கும்னு இருந்தேன். நீ இழுத்தே."

"போயும் மனப்பாடமா ஒப்பிச்சியே!"

"அந்த நாற்காலியில உக்காந்ததும் மறுபடியும் பயம் வந்துடுச்சு." அக்கா பெருமூச்சு விட்டாள். உறிஞ்சுகுழல் லேசாக ஆடியது. "அட்டையைத் திருப்பினது நீதானே?"

வாலு தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னடி, தரையில ஏதோ சொட்டுது?"

"தண்ணி பாட்டில் கவுந்துடுச்சு."

"பாட்டில் இங்க இருக்கு வாலு. என் மூக்குக்கு நேரா."