இடம் மட்டும் காலி

தானியேல் அண்ணனைத் திருத்தணியில் யாரும் பெரிய ஆள் என்று சொன்னதில்லை. முப்பது வருடம் சர்வேயர்களுக்கு நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்றபின் பேசாமல் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? மாட்டார். கையில் ஜிபிஎஸ் கருவியோடு எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இறங்கிவிட்டார்.

அங்கே பாதிக் குழிகளுக்குக் கல்லே கிடையாது. கல் வைக்க வக்கில்லாத சனம். அந்தக் குழிகளை வெட்டிய நாகேந்திரனுக்குக் கண் மங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவரைக் கைப்பிடித்து நடத்தி, "இது யாரு? இது யாரு?" என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்தார் அண்ணன். அந்த வேலை முடிந்த கையோடு நாகேந்திரனும் போய்ச் சேர்ந்தார்.

சபை அலுவலகத்தில் கணினி வேலை என்னுடையது. பிறப்பு, இறப்புப் பதிவெல்லாம் என் தரவுத்தளத்தில் இருந்தது. வரைபடக் கோப்பு அண்ணனின் லேப்டாப்பில். அதை நகலெடுக்காமல், என் தரவுத்தளமே அங்கே போய் வாசித்துக்கொள்ளும்படி இணைப்புக் கொடுத்தேன். பேரைத் தட்டினால் குழி இருக்கும் இடம் வந்து நிற்கும்.

"எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கோம்மா," என்றார்.

"நீங்க தெனமும் திருத்திகினே இருப்பீங்க, நான் தெனமும் காப்பி எடுத்துகினு இருக்கணுமா? சும்மா இருங்கண்ணே," என்று அவர் வாயை அடைத்தேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி!

ஒரு நாள் மணவூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்ற அண்ணன் அங்கேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். துக்கத்துக்கு வந்த மகன் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு யாருக்கோ கொடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஞாயிறுதோறும் என் தரவுத்தளத்தை மட்டும் பென்டிரைவில் எடுத்து வைத்தவள் நான். அந்தப் பென்டிரைவைத் திறந்து பார்த்தேன். அண்ணனின் லேப்டாப்பில் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விலாசம் இருந்தது. கோப்பு இல்லை.

கல்லறைத் திருநாள் காலையில் மார்த்தாள் அக்கா மெழுகுவர்த்தியோடு வந்துவிட்டாள். அவள் பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே இறந்துபோனது. அன்று அவள் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோதே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். புதைத்த புருஷனும் இன்று உயிரோடு இல்லை. எந்த இடம் என்று தெரியாமலே இருபத்தேழு வருடம் ஓடிவிட்டது. "திருநாளுக்கு வா, நானே காட்டறேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தாராம்.

பதிவைத் திறந்தேன்.

"இருக்குதா சுஜாதா?"

"ஆங்... பேரு இருக்குதுக்கா. நேசகுமார்னு. தேதி இருக்குது. எடந்தான்... போயிடுச்சி. என் தப்புக்கா. அண்ணன் சொல்லியும் நான்தான் காப்பி எடுக்கல," என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. குனிந்து, திரையில் அந்தப் பேரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பேரு வெச்சவளே நான்தானேம்மா," என்றாள். "எடந்தானே எனக்குத் தெரியாது."