மாளிகாவத்தை வரை போன நீரோட்டம்

கடலை ஆராய்கிறவன் என்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அறக்குளா மீன் இன்றைக்கு என்ன விலை என்றுதான் கேட்பார். என்னைப்போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது.

ஆறு போத்தல்

ஆழக்கடலிலிருந்து ஆறு போத்தல் தண்ணீர் எடுத்து வந்தேன். ஆய்வுகூடம் பூட்டியிருந்ததால் வீட்டுப் பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலை எங்கள் மாடிக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமி யாரையும் கேட்கவில்லை; சமைத்துவிட்டார். ஆறு போத்தலும் வெறுமையாகக் கவிழ்ந்து கிடந்தன. நான் தலையில் கைவைத்து நிற்க, மாமி திருப்தியோடு சொன்னார்:

"தம்பி, அந்தத் தண்ணியிலை சொதிக்கு உப்பே போடத் தேவையில்லை. இன்னும் இருந்தால் கொண்டுவாங்கோ."

அந்தோனி அண்ணையின் யோசனை

திரும்பவும் கடலுக்குப் போகவேண்டியதாயிற்று. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான எங்கள் மேடம் வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கேட்டிருந்தார். சொதிக் கதையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகத்துவாரத்தில் அந்தோனி அண்ணையின் வள்ளத்தைப் பிடித்தேன். கடலியலில் எனக்குப் பட்டம் இருக்கிறது. ஆனால் வள்ளம் ஆடினால் வயிறு என் சொல் கேட்காது. தண்ணீர் எடுக்கவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், காலையில் சாப்பிட்ட இடியப்பம் முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். அண்ணை சிரிக்கவில்லை. தண்ணீரைக் கவனமாகப் பார்த்தார்.

"சேர், இந்த இடத்துத் தண்ணி இனிச் சரிவராது. கொஞ்சம் தள்ளிப் போய் எடுப்பமா?"

மஞ்சள் உருண்டை

அதே பயணத்தில் மிதவை ஒன்றையும் கடலில் விட்டோம். மஞ்சள் உருண்டை, தலையில் ஒரு கம்பி. நீரோட்டத்தோடு போய்க்கொண்டே, தான் இருக்கும் இடத்தை வானத்துச் செய்மதி வழியாக எங்கள் கணினிக்குச் சொல்லும். இரண்டாம் நாள் அது கரையை நோக்கி வேகமாக வந்தது. புது நீரோட்டம் என்று மேடம் பூரித்துப்போனார். மூன்றாம் நாள் காலை அது கொட்டாஞ்சேனைச் சந்தியில் நின்றது. மத்தியானம் நகரத்துக்குள்ளே மாளிகாவத்தைக்குப் போய்விட்டது. அது தொலைந்தால் என் வேலையும் தொலைந்தது. ஓட்டோவில் விரட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் ஒரு முஸ்லிம் நானா கதவைத் திறந்தார். மச்சானின் வலையில் மாட்டியதாம், அன்பளிப்பாகத் தந்தாராம். உருண்டையைப் பல்கனியில் கட்டி, கம்பியிலிருந்து டீவிக்கு வயர் இழுத்திருந்தார். அரசாங்கச் சாமான் என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்; கதிரை போட்டார்; பிளேன்டீயும் வந்தது.

"கட்டாயம் தாறேன் தம்பி. கிரிக்கெட் மெச் முடியும்வரைக்கும் கொஞ்சம் இரிங்க. இதக் கழட்டினா படம் போயிரும்."

மெச்சும் வென்றோம், மிதவையும் கிடைத்தது; ஆனால் பூமியில் முக்கால் பங்கு கடல் என்று படிப்பித்தவர்கள், தொல்லை முழுவதும் மிச்சக் கால் பங்கில் இருக்கிறது என்று மட்டும் சொல்லித்தரவில்லை.