பூசையில் வைத்த கடற்படை வாள்

எழுபதுகளில் மெல்பனில் எங்களுக்குக் கோயில் கிடையாது. ஸ்பிரிங்வேல் வீட்டில் ஒரு அலுமாரித் தட்டுத்தான் சாமியறை. பின்னறையில் தென்னமெரிக்கர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். என்னோடு கார் தொழிற்சாலையில் வேலை. எல்லோரும் கப்டன் என்றுதான் கூப்பிடுவோம்.

தன் நாட்டில் அவர் போர்க்கப்பல் அதிகாரி. பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும் மாணவர்களையும் தொழிலாளர்களையும் கட்டிக்கொண்டு வந்து அவருடைய கப்பலில் அடைத்தார்கள். அவர்களை அடிக்கச் சொன்னபோது இவர் மறுத்துவிட்டார். பதவியைப் பறித்து, வாளையும் வாங்கிக்கொண்டு, சிறையில் போட்டார்கள். பிறகுதான் இங்கே வந்தார்.

ஒரு நவராத்திரிக் கடைசி நாள் மாலை, அவரோடு கடற்படையில் படித்தவர் ஒருவர் வந்தார். கையில் துணி சுற்றிய அந்த வாள். "செய்தது பிழை" என்று மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் வாளும் வரும், கப்பலும் வரும் என்றாராம். கப்டனுடையது தகப்பன் காலத்திலிருந்தே கடலை நம்பிய குடும்பம். போய்விடுவார் என்றே நினைத்தேன்.

இதற்குள் என் மனைவி, பூசைக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று வாளை வாங்கிச் சந்தனம் குங்குமம் வைத்து, எங்கள் ஸ்பனர்களோடு சரசுவதிக்கு முன்னால் வைத்துவிட்டாள். வந்தவர் பதறிப்போய் எடுக்கப் போனார்.

"ஐயோ, தொடாதேங்கோ! நாளைக்குக் காலமைதான் எடுக்கலாம்" என்றாள் மனைவி.

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் மனைவி எங்கள் அட்மிரலையும் மறிப்பாள்!"

"மறிப்பன்தான். அந்தாளை முதல்ல வடையைத் தின்னச் சொல்லுங்கோ" என்றாள் அவள்.

விசயதசமி காலை கற்பூரம் காட்டி முடிய, வாள் கொண்டுவந்தவர் திரும்பி வந்தார். கப்டன் வாளை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினார். எனக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே பேசினார்.

"கொண்டுபோ. கையைக் கட்டிப்போட்ட மனிதனை அடிக்க மாட்டேன் என்றது பிழை என்று என் வாயால் வராது."

"இனிக் கப்பலே கிடைக்காது."

"தெரியும்."

வந்தவர் குங்குமத்தைத் துடைக்காமலே வாளைச் சுற்றிக்கொண்டு போனார்.

அன்று நாங்கள் வேலைக்குப் பிந்திவிட்டோம். எங்களை மேய்க்கிற போர்மன் எல்லோருக்கும் முன்னால் கத்தினான். கப்டன் "சரி ஐயா" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். யாரைப் பார்த்துக் கத்துகிறான் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அம்பாள் கிருபையால் அந்த மனிதர் பக்கத்தில் நின்று நானும் போல்ட் முறுக்கினேன்.