பொய் சொன்ன வாயாலேயே என் பேரைக் காப்பாற்றிக் கொடுத்தார் எங்கள் முனி

ஏரிக்கரை முனீஸ்வரனை நம்பிக் கும்பிடுகிற எல்லாருக்கும் இதைச் சொல்லாமல் இருந்தால் என் மனசுக்கு ஆகாது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகி, நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது கொஞ்ச நாள்தான். அவர் கனடாவில் ஓட்டலில் சமையல் வேலை. நான் மஸ்கட்டில் ஒரு தையல் கடையில் பர்தா தைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அங்கேயே தங்க அனுமதி கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டுக்கொள்ள எழுதிப் போட்டார். மனைவி விசாவுக்கு, நான் இருந்த ரெண்டு நாட்டிலிருந்தும் போலீஸ் சர்டிபிகேட் கேட்டார்கள். இந்தப் பெண் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று போலீஸ் தருகிற காகிதம் அது.

மஸ்கட் போலீஸ் கொடுக்க வேண்டியது சீக்கிரமே வந்துவிட்டது. முன்னே பின்னே தெரியாத ஊர்க்காரன் நான் நல்லவள் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். என் சொந்த ஊரில்தான் அது கிடைக்கவில்லை.

இந்தியாவின் சர்டிபிகேட்டுக்கு மஸ்கட்டிலேயே தூதரகம் வழியாக எழுதிப் போட்டேன். என் பாஸ்போர்ட்டில் இருக்கிற விலாசம் பாகூர் பக்கத்தில் என் மாமனார் வீடு. மாமனார் இப்போது இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார், குடும்பத்தோடு அங்கே இருக்கிறார். விசாரிக்கப் போலீஸ்காரர் அந்த வீட்டுக்குத்தான் போனார். சில வாரம் கழித்து எனக்குத் தகவல் வந்தது. ஊரிலிருந்து போன ரிப்போர்ட் சரியில்லை, சர்டிபிகேட் தர முடியாது என்று.

எனக்குத் தலை சுற்றியது. ஏம்பலத்தில் இருக்கிற என் அம்மாவை ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். அங்கே விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூத்தார் சொன்னாராம், "அது என் தம்பிய வுட்டுட்டு எப்பவோ ஓடிப்போச்சு சார். போகும்போது என் பொண்டாட்டி நகையத் தூக்கினு போச்சு. அதுக்கும் இந்த வூட்டுக்கும் சம்பந்தமே இல்ல." அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லையாம். எங்கள் தெருவில் அப்படித்தான். போலீஸ் யாரைத் தேடி வந்தாலும், தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்கள் செய்தது பயத்தில். மூத்தார் செய்தது பயத்தில் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கரும்பு நிலம் அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொது. நானும் கனடா போய்விட்டால் தம்பி தன் பங்கை விற்றுவிடுவான் என்று அவருக்கு ஒரு கணக்கு. "பங்கு வேணான்னு கையெழுத்துப் போட்டுட்டு அப்புறமா அவளைக் கூட்டினு போ" என்று முன்னமே போனில் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவில்லை. அதற்குத்தான் என் பேரில் சேற்றை அடித்தார்.

கனடாவிலிருந்து கடைசியாக ஒரு தவணை கொடுத்தார்கள். அதற்குள் காகிதம் வரவில்லை என்றால் மனுவை மூடிவிடுவோம், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும் என்றார்கள். எனக்கு முப்பத்தாறு வயசு. குழந்தை இல்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து என்றால் என் வாழ்க்கையில் என்ன மிச்சம்?

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார், நிலம் போனால் போகட்டும், எழுதிக் கொடுத்துவிடுகிறேன், நீ வந்தால் போதும் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிலம் கிடக்கட்டும். ஓடிப்போனவள், திருடி என்று சொன்னாரே, அதை யார் திருப்பி வாங்குவது? அன்றைக்குத் தையல் மிஷின் மேலேயே தலையை வைத்து அழுதேன். அழுது முடித்ததும் எனக்குள் ஒரு கொதிப்பு வந்தது. முனியப்பா, எனக்கு அந்தக் காகிதம் மட்டும் போதாது, அவர் தலை குனிந்து நிற்பதையும் நான் பார்க்கணும் என்று கேட்டேன். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மாசி மாசம் அம்மா என் மாமனார் ஊருக்கே போய் ஏரிக்கரை முனீஸ்வரன் கோயிலில் பிராது கட்டினாள். அநியாயம் செய்தவர் பேரையும், செய்த அநியாயத்தையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், பூசாரி அதை சாமிக்கு முன்னால் சத்தமாகப் படித்து, முனியின் வேலில் கட்டிவிடுவார். அப்புறம் அது ஸ்டேஷனில் கொடுத்த புகார் மாதிரி. சாமி விசாரிப்பார். புகார் கொடுத்தவர் மனசு வந்து 'ராஜினாமா', அதாவது புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னால்தான் அவிழ்ப்பார்கள். பூசாரி படித்தபோது நல்ல கூட்டமாம். மூத்தார் பேரைக் கேட்டதும் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்களாம்.

மூத்தார் முதலில் சிரித்தாராம். "மஸ்கட்ல இருக்கறவ கட்டின பிராது எனக்கு இன்னா பண்ணும்" என்று டீக்கடையில் பேசினாராம். நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஒருவேளை சாப்பாடு விட்டேன். பல் துலக்கும்போதும், பட்டன் தைக்கும்போதும் அவர் பேரைச் சொல்லியே கும்பிட்டேன்.

சித்திரையில் எங்கள் ஊரில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. விரதத்துக்கு மணிக்கட்டில் முதல் காப்பு கட்டிக்கொள்வது என் மாமனார் குடும்பத்துக்கு உரிமை. மாமனாருக்குப் பிறகு மூத்தார்தான் கட்டிக்கொண்டு, மஞ்சள் வேட்டியில் ஊருக்கு முன்னால் நடப்பார். அந்த மனுஷனுக்கு அதுதான் உயிர். ரெண்டு கோயிலுக்கும் பூசாரி ஒருத்தர்தான். தன் மேல் பிராது இருக்கிறவன் கையில் காப்பு ஏறாது என்பது எங்கள் ஊர் வழக்கம். பூசாரி ஊர்க் கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டார். மூத்தார் என்னென்னமோ பேசிப் பார்த்தாராம். ஒருத்தரும் அவர் பக்கம் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் என் ஓர்ப்படி, மூத்தாரின் மனைவி, எனக்கு போன் செய்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"தங்கச்சி, ஒரு வார்த்தை ராஜினாமா சொல்லிடுடி. அவரு சோறு தின்னல."

"போலீஸ் எனக்கு சர்டிபிகேட் தரட்டும்க்கா. அப்புறமா முனி அவருக்குத் தருவாரு."

"நகை வூட்லதான்டி இருக்குது. எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும்க்கா. போலீஸ்காரருக்குத் தெரியலையே."

அவ்வளவுதான் பேசினேன்.  போனை வைத்த பிறகு சந்தோஷமாக இருந்தது.

நான் மறுபடி எழுதிப் போட்டேன். போலீஸ்காரர் மறுபடி அதே தெருவுக்கு வந்தார். இந்தத் தடவை மூத்தார் வாசலில் நின்று காத்திருந்தாராம். எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் பார்க்க, "அது என் தம்பி பொண்டாட்டி சார். நல்ல பொண்ணு. நகையெல்லாம் எங்ககிட்டதான் இருக்குது. நான்தான் கோவத்துல மாத்திச் சொல்லிட்டேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எந்த வாய் என்னைத் திருடி என்றதோ, அதே வாய். நான் கேட்டபடியே கொடுத்தார் என் முனி. கதவைச் சாத்தின தெரு ஜனங்கள் அன்றைக்கு, ஆமாம் சார், எங்களுக்கும் தெரியும் என்று கூட வந்து நின்றார்களாம்.

உண்மையைச் சொல்லியாயிற்றே, தீமிதிக்குள் பிராதை அவிழ்த்துவிடுவாள் என்று அவர் நினைத்திருப்பார். காகிதம் இன்னும் என் கைக்கு வரவில்லை. நான் அவிழ்க்கச் சொல்லவில்லை. அந்த வருஷம் முதல் காப்பு அவருடைய பங்காளி ஒருத்தர் கைக்குப் போனது. அம்மா வீடியோவில் காட்டினாள். தீக்குழியைச் சுற்றிக் கட்டின கயிற்றுக்கு வெளியே, ஜனங்களோடு ஜனமாக, வெள்ளை வேட்டியில் மூத்தார் நின்றுகொண்டிருந்தார். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கடைசி வரைக்கும் பார்த்தேன்.

வைகாசியில், தவணை முடிகிற வாரத்தில் சர்டிபிகேட் வந்தது. என் பேர், என் வீட்டுக்காரர் பேர், அதே விலாசம். இந்தப் பெண் மேல் எதுவும் இல்லை என்று முத்திரையோடு. அன்றைக்கே அனுப்பினோம். ஆவணியில் விசா கிடைத்தது. இதை நான் எழுதுகிற இடத்தில் வெளியே பனி கொட்டுகிறது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் தூங்குகிறார். நிலத்தில் அவர் பங்கு அவர் பேரிலேயே இருக்கிறது.

விசா வந்த அன்றைக்கு அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பினேன். பிராதை அவிழ்ப்பதற்கு முன்னால் பூசாரி, மனசு ஆறிப்போச்சா என்று கேட்பார். சாமி முன்னால் அதற்குப் பொய் சொல்லக் கூடாது. அம்மா போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பின்னால் மூத்தார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மனசு ஆறிப்போச்சாம்மா?"

"ஆறலீங்க. ஆனா போதும்."

பூசாரி வேலைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கயிற்றை அவிழ்த்தார்.

இப்போது நான் யாரிடமும் கெஞ்சுவதில்லை. முன்னெல்லாம் யார் என்ன சொன்னாலும் அழுதுவிட்டு அடங்கிவிடுவேன். உங்களில் யாருக்காவது சொந்த ஜனமே அநியாயம் செய்திருந்தால், அதை விழுங்கிக்கொண்டு உட்காராதீர்கள். முனியிடம் போங்கள். பேர் சொல்லிக் கேளுங்கள். நல்லவள் மாதிரி நடிக்காதீர்கள், அவருக்குத் தெரியும். என் கோபத்தோடு சேர்த்துத்தான் என்னை அவர் ஏற்றுக்கொண்டார். உங்களையும் ஏற்றுக்கொள்வார்.